‘பம்பிங் கம்மி’ என்று டாக்டர் சொன்ன பிறகு



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களில் முன்பெல்லாம் பிரசவம், கண் ஆபரேஷன், விபத்து ஆகியவைதாம் அதிகம். சில ஆண்டுகளாக ‘ஹார்ட் வீக்’, ‘பம்பிங் கம்மி’, ‘நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது’ என்று எழுதி வரும் தாள்கள் கூடிக்கொண்டே போகின்றன. அதிலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஒரே வீட்டிலிருந்து, ஒரே நோயாளிக்காக, மூன்று நான்கு மாத இடைவெளியில் விண்ணப்பம் மறுபடியும் மறுபடியும் வருகிறது. ஆஸ்பத்திரியில் நீரை இறக்கி, மூச்சைச் சீராக்கி அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் கால் வீங்குகிறது, இரவில் மூச்சு முட்டுகிறது, மீண்டும் ஆம்புலன்ஸ், மீண்டும் ஐ.சி.யூ., மீண்டும் கடன்.

இந்தச் சுற்றில் ஒரு பகுதியை வீட்டிலேயே தடுக்க முடியும் என்று நம் முகாம்களுக்கு வரும் மருத்துவர்கள் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். அவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றைக் குடும்பத்தாருக்குப் புரியும்படி இங்கே எழுதுகிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை. சமையலறையிலும் படுக்கையறையிலும் நடப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஹார்ட் அட்டாக் வேறு, இது வேறு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் திடீரென அடைபட்டுத் தசை சாகத் தொடங்குவது ஹார்ட் அட்டாக். மருத்துவர்கள் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்றும், தமிழில் இதயச் செயலிழப்பு என்றும் சொல்வது, இதயம் உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் தளர்ந்துபோன நிலை. பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டதாகப் பலர் பயந்துவிடுகிறார்கள். நிற்கவில்லை, திணறுகிறது. எக்கோ பரிசோதனையில் ஒரு சதவீதம் எழுதுவார்கள் அல்லவா? இதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. நல்ல இதயம்கூட நூற்றுக்கு நூறு தள்ளுவதில்லை. 50-க்கு மேல் இருந்தாலே பெரும்பாலும் இயல்புதான். ஆகவே 40 என்று எழுதியிருந்தால் ‘அறுபது பங்கு போய்விட்டது’ என்று அழ வேண்டியதில்லை. அதே சமயம், 55 என்று எழுதியிருந்தும் இந்த நோய் இருக்கலாம். இதயத் தசை விறைத்துப்போய்ச் சரியாக விரியாவிட்டால், தள்ளும் சதவீதம் நன்றாக இருந்தும் மூச்சு முட்டும். நெடுநாள் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உடல் பருமனும் உள்ள வயதான பெண்களிடம் இந்த வகை அதிகம்.

ரத்தம் முன்னால் போகாவிட்டால் பின்னால் தேங்கும். நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறல். காலில் தேங்கினால் வீக்கம். வயிற்றில் தேங்கினால் உப்புசம், பசியின்மை. இவற்றில் வயிற்றுத் தொந்தரவை ‘கேஸ்’ என்று சொல்லியே பல மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள்.

நம் வீடுகளில் எளிதில் கண்ணில் படக்கூடிய ஓர் அறிகுறியைத் தனியே சொல்ல வேண்டும். குனிந்தால் மூச்சு முட்டுவது. 2014-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகர மருத்துவர்கள் இதை முறையாகப் பதிவு செய்தார்கள். 102 இதய நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்து, காலணி கயிற்றைக் கட்டுவதுபோல் முன்னால் குனியச் சொன்னார்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்கியது. குனியும்போது ஏற்கெனவே தேங்கிய நீரால் இதயத்தின் உள்ளழுத்தம் மேலும் கூடுவதே காரணம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை ருகூவும் சஜ்தாவும் செய்கிற நமக்கு இது எவ்வளவு தெளிவான அடையாளம்! ‘சஜ்தாவுக்குப் போனால் மட்டும் மூச்சு முட்டுது’ என்று வாப்பா சொன்னால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அதுபோலவே தலையணை. ஒன்றில் படுத்தவர் இரண்டு வைக்கிறார், பிறகு மூன்று, பிறகு சுவரில் சாய்ந்தே தூங்குகிறார் என்றால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

இது முதியோர் நோய் மட்டும் அன்று. பக்கத்துக் கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் 2013-ஆம் ஆண்டு இந்த நோயோடு சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. மேலை நாடுகளில் இது எழுபதைத் தாண்டுகிறது. பத்தில் ஏழு பேருக்கு மேல் ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பலவீனம். சேர்ந்தவர்களில் 8.5 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். ஐந்தாண்டுகளில் பாதிக்கும் மேற்பட்டோர் உயிரோடு இல்லை. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அதே ஆய்வில் இன்னொரு விவரம் இருக்கிறது: பம்பிங் குறைந்தவர்களில் வீடு திரும்பும்போது தேவையான மருந்துகள் முழுமையாக எழுதப்பட்டவர்கள் நான்கில் ஒரு பங்கினர்தாம். படிப்பும் மருத்துவமனையும் நிறைந்த கேரளத்திலேயே அன்று நிலைமை அது. ஆகவே ‘எனக்குத் தேவையான எல்லா மருந்தும் சேர்ந்துவிட்டதா, அளவு கூட்ட வேண்டியதிருக்கிறதா?’ என்று டாக்டரிடம் மரியாதையோடு கேட்பது நோயாளியின் உரிமை.

உப்பு

மருத்துவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். நல்ல இதயமும் சிறுநீரகமும் அதை வெளியேற்றிவிடும். தளர்ந்த இதயத்தால் அது முடியாது. ஆரோக்கியமானவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. நாள் முழுவதுக்கும், எல்லா உணவிலும் சேர்த்து.

நம் சாப்பாட்டை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சங்கடமாகத்தான் இருக்கும். கருவாடு, மாசி, ஊறுகாய், அப்பளம் இவை நான்கும் நோயாளியின் தட்டில் வரவே கூடாதவை. அப்பளத்தில் உப்பு மட்டுமல்ல, அப்பளக்காரமும் சோடியம்தான். ஆனால் வெளியே தெரியாத உப்பு இதைவிட அதிகம். பேக்கரி ரொட்டி, உப்பு பிஸ்கட், மிக்சர், பாக்கெட் நூடுல்ஸ், சூப்புப் பொடி, பாட்டில் சாஸ் எல்லாவற்றிலும் உண்டு. வயிறு பொருமுகிறது என்று தண்ணீரில் கரைத்துப் பொங்கப் பொங்கக் குடிக்கிற பொடியிலும் சோடியம் நிறைய. கல்யாண வீட்டு நெய்ச்சோறும் கறியும் தால்சாவும் ஒரே சஹனில் வந்தால், அந்த ஒரு வேளையிலேயே நாள் அளவு தாண்டிவிடும். கல்யாணத்துக்குப் போய்வந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை நம்மூரில் பலருக்குத் தெரியும்.

‘இந்துப்பு போட்டால் ஒன்றும் செய்யாது’ என்பது பரவலான நம்பிக்கை. இந்துப்பும் பெரும்பங்கு அதே உப்புதான். கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். இதய நோய்க்குத் தரும் சில மாத்திரைகள் ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும் தன்மை உடையவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம் என்பதால், உடம்புக்கு நல்லது என்று தினமும் வாங்கிக் கொடுப்பவர்கள் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.

இங்கே மருமகள்மாருக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். ஆணத்தில் உப்பைக் குறைத்தால் முதலில் திட்டு வாங்குவது சமைத்த பெண்தான். ‘வாயில் வைக்க முடியலை’ என்று தட்டைத் தள்ளிவிடுகிற காக்காமார்கள் உண்டு. நோயாளிக்குத் தனிச் சட்டி வைத்தால் இரண்டு வேலை; அது பத்து நாளில் நின்றுபோகும். வீடு முழுவதற்கும் படிப்படியாகக் குறைத்து, புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், மல்லி, பூண்டு இவற்றைக் கூட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். ரத்தக் கொதிப்பு உள்ள மற்றவர்களுக்கும் அதில் பலன் உண்டு. சோற்றில் தனியாக உப்புப் போடுவதை முதல் நாளே நிறுத்திவிடலாம்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். எல்லா நோயாளிக்கும் தண்ணீர்க் கட்டுப்பாடு கிடையாது. நோய் முற்றியவர்களுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் என்று மருத்துவர் அளவு சொல்வார். சொன்னால் அதில் டீ, கஞ்சி, மோர் எல்லாம் அடங்கும்.

எடைக் கருவியும் மாத்திரையும்

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. உடம்பில் நீர் தேங்குவது காலில் தெரிவதற்கு முன்பே எடையில் தெரிந்துவிடும். பஜ்ருக்கு எழுந்து, கழிவறை போய்வந்ததும், எதையும் சாப்பிடுவதற்கு முன், ஏறத்தாழ ஒரே மாதிரி உடையில் நின்று எடை பார்த்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால், மூச்சு நன்றாகவே இருந்தாலும், அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். பெரும்பாலும் நீர் மாத்திரையை ஓரிரு நாள் கூட்டியே சரிசெய்துவிடுவார். காத்திருந்தால் ஐ.சி.யூ. ஐ.சி.யூ. ஒரு நாள் வாடகையில் எத்தனை எடைக் கருவி வாங்கலாம் என்று கணக்குப் பார்த்தால், நம் அறக்கட்டளை எதற்கு முதலில் செலவு செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது.

மாத்திரைகளை நிறுத்துவதற்கு நம் மக்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. உடம்பு சரியாகிவிட்டது என்பது ஒன்று. சரியானது மாத்திரையால்தான்; நிறுத்தினால் திரும்பும். இன்னொன்று காசு. மாதக் கடைசியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் இவற்றில் பல இலவசமாகக் கிடைக்கின்றன. மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து கம்பெனிப் பெயர் இல்லாமல் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் நடக்கிறது. உங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுங்கள். மூன்றாவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. நீர் மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருக்கிறது. ஜும்ஆவுக்குப் போகவேண்டும், வுளூ நிற்காது என்று வெள்ளிக்கிழமைதோறும் விட்டுவிடுகிறார்கள். பெண்கள் கல்யாணத்துக்கும் பஸ் பயணத்துக்கும் அப்படியே. இதை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொன்னால், அன்றைக்கு மட்டும் தொழுதுவிட்டு வந்து மதியம் போடும்படி நேரத்தை மாற்றித் தருவார். விட்டுவிடத் தேவையே இல்லை.

அடுத்து, மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை. முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் போடுகிற டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் வகைகள் உப்பையும் நீரையும் உடம்பில் நிறுத்தி, சிறுநீரகத்தையும் சோர்வடையச் செய்பவை. பல மாதம் கட்டிக்காத்த உடல்நிலையை ஒரு வார வலி மாத்திரை கெடுத்துவிடும். கடைக்காரரிடம் ‘எனக்கு ஹார்ட் ஃபெயிலியர் இருக்கு’ என்று சொல்லிக் கேளுங்கள். சர்க்கரைக்கான பியோகிளிட்டசோன் மாத்திரையும் நீர் கோக்கச் செய்யும். சர்க்கரை டாக்டரும் இதய டாக்டரும் வேறு வேறு ஆளாக இருந்தால், இருவரின் சீட்டையும் இருவரிடமும் காட்டுங்கள்.

பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை ஆகியவற்றைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. விட வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குள் மகன் புகைத்தாலும் வாப்பாவின் இதயத்துக்குக் கேடு. ரத்தச்சோகை, குறிப்பாக இரும்புச் சத்துக் குறைவு, இந்த நோயாளிகளுக்குச் சோர்வைப் பல மடங்காக்கும். நம் பெண்களிடம் அது அதிகம் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை கேட்டுப் பெறுங்கள். தைராய்டும் அப்படியே. சளிக்காய்ச்சல் வந்தாலே இந்த நோய் முற்றும் என்பதால் ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போடச் சொல்கிறார்கள். உம்ரா, ஹஜ் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அன்றாட வேலைகள்

நோயின் கடுமையை மருத்துவர்கள் நான்கு படியாகப் பிரிப்பார்கள். நியூயார்க் இதயச் சங்கத்தின் பெயரால் வழங்கும் அந்தப் பிரிவு, எக்கோவைப் பார்க்காமல் நோயாளி என்ன செய்ய முடிகிறது என்பதைப் பார்க்கிறது. வழக்கமான வேலை எதிலும் சிரமம் இல்லை என்றால் முதல் படி. வழக்கமான வேலையிலேயே, உதாரணமாகப் பள்ளிவாசலுக்கு வேகமாக நடந்தால், மூச்சு வாங்கினால் இரண்டாம் படி. வீட்டுக்குள் குளிப்பது, துணி உடுத்துவது போன்ற சிறு வேலைக்கே வாங்கினால் மூன்றாம் படி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்கினால் நான்காம் படி. மருந்தாலும் பழக்கத்தாலும் ஒருவர் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கி வரலாம். பம்பிங் எண் அப்படியே இருந்தும், உம்மா மறுபடி தானே குளித்து, தானே சமையலறைக்கு வருகிறார் என்றால் அது பெரிய முன்னேற்றம்.

ஆனால் நம் வீடுகளில் பாசம் வேறு மாதிரி வேலை செய்கிறது. ‘நீங்க அசையாதீங்க வாப்பா’ என்று கட்டிலிலேயே வைத்துவிடுகிறோம். நீர் கோத்துத் திணறும் நாட்களில் ஓய்வு சரி. நிலைமை சீரான பிறகு படுக்கை நல்லதல்ல. தொடைத் தசை மெலிந்துவிடும். பிறகு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். வாங்குவதால் இன்னும் படுப்பார். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பம்பிங் 35-ம் அதற்குக் கீழும் உள்ள 2,331 பேரில் ஒரு பாதியினருக்கு முறையான உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியால் ஆபத்து கூடவில்லை, வாழ்க்கைத் தரம் ஓரளவு உயர்ந்தது. மருத்துவர் அனுமதித்த பிறகு வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் சிறிது கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

குளிப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். முடிந்தால் கழிவறையை மேல்நாட்டு இருக்கையாக மாற்றுங்கள். குந்தி எழுவதில் பலருக்கு மூச்சு போகிறது. வுளூவை உட்கார்ந்து செய்யட்டும். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை தூக்க வேண்டாம். காய் நறுக்குவது, பேரப்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பது, கடைக் கணக்கு பார்ப்பது எல்லாம் தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஒன்றும் செய்யவிடாமல் உட்கார வைத்த பெரியவர் பேச்சைக் குறைத்து, சாப்பாட்டை வெறுத்து, மாத்திரையையும் துப்பிவிடுகிறார். அந்த மனச்சோர்வும் சிகிச்சைக்கு உரியதே.

நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. ‘நாற்காலியில் தொழுதால் மக்கள் என்ன சொல்வார்கள்’ என்று மூச்சு முட்ட முட்ட நின்று தொழுபவர்களும் இருக்கிறார்கள். சட்ட விவரங்களை இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோன்பில்தான் அதிகச் சிக்கல். இருபது ஆண்டாக ஒரு நோன்பும் விடாதவர் இந்த ஆண்டு விடச் சொன்னால் கண் கலங்குகிறார். நோய் பல மாதமாக நிலையாக இருக்கும் சிலருக்கு, மாத்திரை நேரங்களை மாற்றி மருத்துவர் அனுமதிப்பதுண்டு. மூன்றாம், நான்காம் படியில் இருப்பவர்களும் அண்மையில் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர்களும் நோன்பு வைப்பது உயிரோடு விளையாடுவது. நீர் மாத்திரையைச் சஹரில் போட்டுவிட்டுப் பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல் இருந்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சேர்த்து இப்போது தரும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளும் சிறுநீரைக் கூட்டுபவை. அவற்றோடு பட்டினி இருப்பதைப் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும். ரமலான் பிறை பார்த்த பிறகு ஓடாமல், ஷஃபான் தொடக்கத்திலேயே டாக்டரைப் பாருங்கள். வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னால், நோயாளிக்கு உள்ள சலுகையை ஏற்றுக்கொண்டு, பின்னர் களாவா, ஃபித்யாவா என்பதை ஆலிமிடம் கேளுங்கள். அனுமதி பெற்று நோன்பு வைப்பவர் இஃப்தாரில் கவனமாக இருக்கட்டும். நோன்புக் கஞ்சியின் உப்போடு வடை, சமோசா, சட்னி சேர்ந்து, மேலே நாலு கிளாஸ் சர்பத்தும் ஒரே மூச்சில் இறங்கினால் தராவீஹுக்கு நிற்கும்போதே திணறல் ஆரம்பிக்கும். பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் சகோதரர்கள் ஒரு சிறு சட்டியில் உப்பில்லாமல் தனியே எடுத்து வைத்தால், கேட்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நிர்வாகத்திடம் இதைப் பேசியிருக்கிறேன்.

படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை, நுரை நுரையாகச் சளி வருகிறது, உதடு நீலம் பூக்கிறது, நெஞ்சை அழுத்துகிறது, மயக்கம் வருகிறது என்றால் எடை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உட்கார்ந்த நிலையிலேயே வைத்து 108-ஐ அழையுங்கள்.

இனி இதய பலவீனத்துக்காக நம்மிடம் உதவி கேட்டு வருபவர்கள், டிஸ்சார்ஜ் தாள், கடைசி எக்கோ, இப்போது போடும் மாத்திரைகளின் அட்டைகள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது, இவற்றோடு எடை எழுதிய நோட்டையும் கொண்டுவர வேண்டுகிறேன். எடைக் கருவி வாங்க இயலாதவர்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள். நோயாளி வீட்டுக்கு இரவலாகத் தர ஏற்பாடு செய்வோம், இன்ஷா அல்லாஹ். பெண்கள் நேரில் வரத் தயங்கினால் வீட்டிலிருந்து யாரேனும் ஒருவர் தாள்களைக் கொண்டுவந்தால் போதும்.